கையில் இருப்பது 15 விநாடி: புதிய தன்னார்வலர்களுக்கான சிறு தீ வழிகாட்டி

6 கிலோ பவுடர் தீயணைப்பானின் கைப்பிடியை விடாமல் அழுத்தினால் சுமார் 15 விநாடியில் அது காலியாகிவிடும். 2 கிலோ சிலிண்டர் 10 விநாடி வந்தாலே அதிகம். கரியமில வாயு சிலிண்டருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் மட்டும் ஒரு நிமிடம் வரை தாங்கும்.

விழா, முகாம், பள்ளி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே தன்னார்வலராக நின்றாலும் முதலில் மனதில் பதிய வேண்டியது இந்தக் கணக்கு. அந்த 15 விநாடிக்குள் அணையக்கூடிய தீயை மட்டும்தான் நீங்கள் தொட வேண்டும். அதைவிடப் பெரிய தீயைத் தீயணைப்புத் துறை பார்த்துக்கொள்ளும். அங்கே ஆட்களை வெளியே கொண்டுவருவதுதான் உங்கள் வேலை, அது சின்ன வேலையும் அல்ல.

எது சிறு தீ?

ஒரு குப்பைக்கூடை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளில் எரிகிறது, பக்கத்துப் பொருளுக்குத் தாவவில்லை, சுவாலை உங்கள் இடுப்பைத் தாண்டவில்லை. கூடவே இன்னும் மூன்று கேள்விகள்: வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா? எரிவது என்னவென்று தெரியுமா? அதற்கேற்ற கருவி கையில் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றால் மட்டும் இறங்குங்கள். "தெரியவில்லை" என்ற பதிலையும் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் சுவாலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அறைக்குள் தீ என்றால் முதலில் கூரையைப் பாருங்கள். சூடான புகை மேலே போய்த் தேங்கி, அடுக்கடுக்காகக் கீழே இறங்கும். புகை என்பது பாதி எரிந்த எரிபொருள்தான். அந்தப் படலம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதன் வெப்பம் கீழே இறங்கி, மேசை, திரை, தரைவிரிப்பு என்று அறையில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். நுரைமெத்தை, பிளாஸ்டிக் சாமான்கள் நிறைந்த அறையில் இதற்கு 5 நிமிடம்கூடத் தேவைப்படாது. புகை உங்கள் தலைமட்டத்துக்கு இறங்கிவிட்டால், தீ எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். பூட்ட வேண்டாம். சாத்திய கதவு காற்றைக் குறைக்கும், புகையைத் தடுக்கும், மற்றவர்கள் வெளியேற நேரம் வாங்கித்தரும்.

முதல் ஒரு நிமிடம்

1. கத்துங்கள். "தீ! எல்லாரும் வெளியே போங்க!" இதைவிட நீளமாக எதுவும் வேண்டாம். அலாரம் பட்டன் இருந்தால் அழுத்துங்கள்.

2. ஒரு ஆளைக் கைகாட்டிச் சொல்லுங்கள். "யாராவது போன் பண்ணுங்க" என்றால், வேறு யாரோ பண்ணியிருப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். "பச்சைச் சட்டை போட்ட அண்ணா, நீங்க தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணுங்க, பேசிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்றால் வேலை நடக்கும். திரும்பி வந்து சொல்லச் சொல்வது முக்கியம். அப்போதுதான் போன் போனதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும்.

3. போனில் சொல்ல வேண்டியவை: இடம், அடையாளம், எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா, கேஸ் சிலிண்டரோ எரிபொருளோ பக்கத்தில் இருக்கிறதா, திரும்ப அழைக்க வேண்டிய எண். எதிர்முனையில் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

4. இன்னொருவரை வாசலுக்கு அனுப்புங்கள். தீயணைப்பு வண்டிக்குச் சுமார் 4 மீட்டர் அகலத்தில் வழி வேண்டும். குறுக்கே நிற்கும் வாகனங்களை எடுக்கச் சொல்வதும், வண்டி வந்ததும் முன்னால் நின்று வழிகாட்டுவதும் அவர் பொறுப்பு.

5. இதற்குப் பிறகுதான் தீயணைப்பான். இருவராகப் போங்கள். ஒருவர் அணைக்க, மற்றவர் இரண்டாவது சிலிண்டருடன் பின்னால் நின்று புகையையும் வெளியேறும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் "போதும், வா" என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் பின்வாங்க வேண்டும். அணைப்பவருக்குத் தீயைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

தனியாக இருந்தால் போன்தான் முதலில். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே வெளியேறலாம்.

வெளியே வந்தவர்கள் ஏற்கெனவே சொல்லிவைத்த ஓரிடத்தில் கூட வேண்டும், தலைகளை எண்ண வேண்டும். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் "வந்தாச்சு" என்றுதான் பதில் வரும். "யார் இல்லை?" என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் தீயணைப்பு வீரர்களிடம் சொல்லுங்கள்; நீங்கள் திரும்ப உள்ளே போகாதீர்கள்.

எந்தத் தீக்கு எது?

தீ நிற்க எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு மூன்றும் வேண்டும். ஒன்றை எடுத்தால் அணையும். தண்ணீர் வெப்பத்தை எடுக்கிறது. மூடி, தீப்போர்வை (எளிதில் தீப்பற்றாத துணி), மணல், கரியமில வாயு எல்லாம் காற்றைத் தடுக்கின்றன. பவுடர் சுவாலைக்குள் நடக்கும் வேதிவினையையே அறுக்கிறது. கேஸ் வால்வை மூடுவது எரிபொருளை நிறுத்துவது. எது எதை எடுக்கிறது என்று புரிந்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மரம், காகிதம், துணி, வைக்கோல் இவற்றுக்குத் தண்ணீரே சிறந்தது, ஏனென்றால் இவற்றின் உள்ளே கங்கு இருக்கும். ஏபிசி பவுடர் (பல வகைத் தீக்கும் பொதுவான பவுடர்) மேலே எரியும் சுவாலையைச் சட்டென்று அமுக்கிவிடும், ஆனால் குளிர்விக்காது. பஞ்சு மெத்தையிலோ காகிதக் கட்டிலோ பவுடர் அடித்துவிட்டுக் கிளம்பினால் அரை மணி நேரம் கழித்து மறுபடி புகையும். பவுடர் அடித்த பிறகு மின் இணைப்பு இல்லை என்பதை உறுதி செய்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி நனைக்க வேண்டும்.

பெட்ரோல், டீசல், தின்னர் போன்ற திரவங்களில் நேரே தண்ணீரை ஊற்றினால் எரியும் திரவம் மிதந்து பரவும். நுரை அல்லது பவுடர் தேவை. மின் கருவிகளுக்குக் கரியமில வாயுவும் பவுடரும் ஏற்றவை. கரியமில வாயு கறை வைக்காது, ஆனால் திறந்தவெளியில் காற்றோடு போய்விடும், சிறிய மூடிய அறையில் உங்கள் மூச்சையே அடைத்துவிடும்.

எந்த வகைத் தீக்கு என்று குறிக்கச் சிலிண்டரில் போட்டிருக்கும் ஏ, பி, சி எழுத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு இவை மாறும். பல நாடுகளில் சி என்றால் எரிவாயுத் தீ. அமெரிக்க முறையில் சி என்றால் மின் கருவித் தீ. சமையல் எண்ணெய்த் தீக்கு ஓரிடத்தில் எஃப், இன்னோரிடத்தில் கே. எழுத்தை நம்புவதைவிட லேபிளில் உள்ள படங்களையும் "இதற்குப் பயன்படுத்தாதீர்" என்ற வரியையும் படியுங்கள், அதுவும் தீ வருவதற்கு முன்பே.

தீயணைப்பானைக் கையாளும் விதம்

6 கிலோ சிலிண்டரின் மொத்த எடை 9, 10 கிலோ வரும். கீழே நிறுத்தி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பின்னை (கைப்பிடியைப் பூட்டி வைத்திருக்கும் உலோக ஊசி) திருகி இழுங்கள். பிளாஸ்டிக் சீல் தானாக அறுந்துவிடும். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பதற்றத்தில் கைப்பிடி இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே பின்னை இழுப்பார்கள். அழுத்தத்தில் பின் சிக்கிக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமாக அழுத்துவார்கள், "சிலிண்டர் வேலை செய்யல" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பின் வரவில்லை என்றால் கையைத் தளர்த்துங்கள், வந்துவிடும்.

பின் வந்ததும் தீயை நெருங்குவதற்கு முன்பே ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். காலி சிலிண்டர் என்றால் அது தீயின் முன்னால் நின்று தெரிய வேண்டிய விஷயம் அல்ல.

பவுடர் என்றால் 2 முதல் 3 மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். அரை மீட்டரில் நின்று அடித்தால் அந்த வேகமே எரியும் எண்ணெயைத் தெறிக்கவைக்கும், காகிதத்தைப் பறக்கவிடும். திறந்தவெளியில் காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். ஹோஸின் முனையைச் சுவாலையின் நுனிக்கு அல்ல, அடிக்குக் காட்டுங்கள். கைப்பிடியை முழுமையாக அழுத்தி, முன் ஓரத்திலிருந்து இடமும் வலமுமாக விசிறிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். விசிறல் தீயின் அகலத்தைவிட இருபுறமும் சற்றுத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் விட்டது திரும்பப் பற்றும். பவுடர் மேகத்தில் சில விநாடி எதுவும் தெரியாது, தொண்டை காந்தும். மேகத்துக்குள் நடக்காதீர்கள்.

கரியமில வாயு சிலிண்டரில் முனை அகன்ற கொம்பு போல இருக்கும். அதைக் கையால் பிடிக்கக் கூடாது. வெளியே வரும் வாயு மைனஸ் 78 டிகிரி வரை குளிர்ந்திருக்கும், தோல் ஒட்டிக்கொண்டு உறைகாயம் வரும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். இதன் வீச்சு 1 முதல் 2 மீட்டர்தான், பெரிய இரைச்சலோடு வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே புதியவர்கள் கையை விட்டுவிடுவதுண்டு.

அணைந்ததும் முதுகைக் காட்டாதீர்கள். தீயைப் பார்த்தபடியே பின்னால் நகருங்கள். சிலிண்டர் தீர்ந்தும் தீ அணையவில்லை என்றால் அடுத்ததைத் தேடி ஓடாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள்.

எண்ணெய்ச் சட்டி

சமையல் நடக்கும் இடத்தில் நிற்கும் தன்னார்வலர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய் முதலில் லேசாகப் புகையும், பிறகு புகை அடர்ந்து கண் எரியும், 300 டிகிரியைத் தாண்டிய பிறகு தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றும். அந்த எண்ணெயில் ஒரு டம்ளர் தண்ணீர் விழுந்தால் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போகும், நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். மேலே உள்ள எண்ணெய் முழுவதையும் துளித்துளியாக உடைத்துத் தூக்கும், அத்தனை துளியும் எரியும். கூரை வரை எழும் அந்தச் சுவாலைக்குச் சட்டியில் இருந்த எண்ணெய் கால் லிட்டரே போதும்.

செய்ய வேண்டியது: எட்டக்கூடியதாக இருந்தால் அடுப்பை அணையுங்கள். சட்டியைவிடப் பெரிய உலோக மூடியைக் கேடயம் போல உங்களுக்கும் தீக்கும் நடுவே பிடித்து, உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகச் சறுக்கி மூடுங்கள். மேலிருந்து போட்டால் சுவாலை கையைச் சுற்றி வரும். மூடி இல்லையென்றால் தீப்போர்வை. அதன் மேல் ஓரத்தைக் கைமேல் சுருட்டி விரலை மறைத்துக்கொண்டு, அதேபோல முன்னாலிருந்து மூட வேண்டும். வீட்டுச் சட்டிக்கு இது போதும். பெரிய பொரிக்கும் பாத்திரத்துக்குப் போதாது, அங்கே எண்ணெய்த் தீக்கென்றே உள்ள ஈர ரசாயனச் சிலிண்டர் வேண்டும்.

மூடிய பிறகு தொடாதீர்கள். குறைந்தது 30 நிமிடம். எண்ணெய் இன்னும் தானாகப் பற்றும் சூட்டிலேயே இருக்கிறது, காற்று மட்டும்தான் இல்லை. "அணைஞ்சிடுச்சா பார்க்கலாம்" என்று தூக்கினால் முகத்துக்கு நேரே மறுபடி பற்றும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதும் கூடாது. நடக்கும்போது சுவாலை பின்னால், உங்கள் மேலேயே சாயும், கை சுட்டுச் சட்டி நழுவும்.

கேஸ்

சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். சிலிண்டர் வால்வையோ ரெகுலேட்டரையோ மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய்ப் போன் செய்யுங்கள்.

ரெகுலேட்டரிலோ டியூபிலோ தீ எரிந்தால் முதலில் வால்வு. வால்வை மூடினால் தீ தானாக நிற்கும். கையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு மூட முடிந்தால் மூடுங்கள். மூட வழியில்லை என்றால் சுவாலையை அணைக்காதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் எரியும் கேஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அணைந்து கசியும் கேஸ் அறை முழுக்க நிறைந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். எல்லோரையும் விலக்குங்கள். சிலிண்டரின் உடலையே சுவாலை சுட்டுக்கொண்டிருந்தால் அது வெடிக்கக்கூடும், அருகில் யாரும் நிற்கக் கூடாது.

மின்சாரமும் பேட்டரியும்

முதலில் மெயின் ஸ்விட்ச். மின்சாரம் துண்டித்த பிறகு அது சாதாரணப் பிளாஸ்டிக் தீதான். துண்டிக்காமல் பவுடர் அடித்து அணைத்தாலும் உள்ளே ஓடும் மின்சாரம் மறுபடி பற்றவைக்கும். எனவே கட்டிடத்துக்குள் நுழைந்ததும் தன்னார்வலர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மெயின் எங்கே என்பது.

போன், பவர் பேங்க், மின்சைக்கிள் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரி தனி ரகம். ஒரு செல் சூடாகி அடுத்த செல்லைச் சுட, அது அடுத்ததைச் சுடும். இந்த வினைக்கு வெளிக்காற்று தேவையில்லை, அதனால் மூடி அமுக்குவதும் பவுடரும் அதை நிறுத்தாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் வழி. கைக்கடக்கமான சாதனம் என்றால் சார்ஜர் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றலாம். மின்சைக்கிள் அளவு என்றால் முயற்சியே வேண்டாம். புகை நச்சு, சீறிக்கொண்டு வரும். அணைந்த பேட்டரி பல மணி நேரம், சில சமயம் நாட்கள் கழித்தும் பற்றும். அதைக் கட்டிடத்துக்கு வெளியே, தனியாக வைக்க வேண்டும்.

ஆடையில் பற்றினால்

ஓடினால் காற்று விசிறும், நின்றால் சுவாலை முகத்துக்கு ஏறும். நிறுத்துங்கள், படுக்கவையுங்கள், முகத்தைக் கையால் மூடச் சொல்லி உருட்டுங்கள். கனத்த பருத்தி அல்லது கம்பளிப் போர்வையைக் கழுத்திலிருந்து காலை நோக்கிப் போர்த்துங்கள்.

அணைந்ததும் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர். 2 நிமிடம் அல்ல, 20. கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். காயமில்லாத உடம்பைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள். குழந்தைகளுக்கும் பெரிய காயம் பட்டவர்களுக்கும் உடல் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு, உள்ளங்கையைவிடப் பெரிய காயம், புகையை உள்ளே இழுத்தவர் என்றால் நேரே மருத்துவமனை.

புகைக்குள் சிக்கினால் தவழ்ந்து போங்கள், தரையை ஒட்டித்தான் காற்று கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஈரத்துணி கரியைத் தடுக்கலாம், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள்.

அணைந்த பிறகு

ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். மெத்தை, குப்பைமேடு, மரச்சுவரின் இடுக்கு, கூரைத் தட்டிக்குப் பின்புறம் இவற்றில்தான் கங்கு ஒளிந்திருக்கும். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். முழுக்க அணைந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

பயன்படுத்திய சிலிண்டரை, ஒரே ஒரு நொடி அழுத்தியிருந்தாலும், திரும்ப மாட்டக் கூடாது. வால்வு பொருந்தி மூடும் இடத்தில் பவுடர் துகள் ஒட்டியிருக்கும், அதன் வழியாக அழுத்தம் சில நாளில் கசிந்துவிடும். சிலிண்டரைப் படுக்கவைத்து, "காலி" என்று எழுதி ஒட்டி, ரீஃபில்லுக்கு அனுப்புங்கள்.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு சுற்று

சேர்ந்த முதல் நாளே செய்யக்கூடிய வேலை இது. வாசல்கள் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கின்றனவா என்று திறந்தே பாருங்கள். வழியில் அடுக்கிய நாற்காலிகளை எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருந்தால் பிரியுங்கள். வயர் சுருளை முழுவதும் அவிழ்த்து விரித்திருக்க வேண்டும். சுருட்டிய நிலையிலேயே அதிக மின்சாரம் போனால் சூடு வெளியேற வழியின்றி உள்சுற்று உருகும். ஜெனரேட்டரை அணைத்து, ஆறவிட்ட பிறகே எரிபொருள் ஊற்ற வேண்டும். திரை, காகித அலங்காரம் எதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் தொங்கக் கூடாது. நீங்களும் நைலான், பாலியஸ்டர் சட்டையைத் தவிர்த்துப் பருத்தி அணியுங்கள். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும்.

தீயணைப்பான்களை மாதம் ஒருமுறை பாருங்கள்: அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, முனையில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா, துரு உண்டா, சர்வீஸ் தேதி தாண்டவில்லையா. கரியமில வாயு சிலிண்டரில் கேஜ் கிடையாது. எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், காலி எடையும் நிரப்பிய எடையும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புகை அலாரத்தின் டெஸ்ட் பட்டனையும் அன்றே அழுத்துங்கள். 10 வருடம் ஆன அலாரம் சத்தம் போட்டாலும் மாற்ற வேண்டியதுதான், உள்ளே உள்ள உணரி தேய்ந்திருக்கும்.

ரீஃபில்லுக்குப் போகவேண்டிய பழைய சிலிண்டர்களை அப்படியே கொடுத்தனுப்பிவிடாதீர்கள். தீயணைப்பு நிலையத்திலோ சர்வீஸ் செய்பவரிடமோ கேட்டு, அவர்கள் முன்னிலையில் திறந்தவெளியில் ஆளுக்கு ஒன்றாக அடித்துப் பழகுங்கள். ஒருவர் கையில் கடிகாரத்தோடு விநாடிகளை உரக்க எண்ணட்டும்.